கேமராவை ஓசி பக்கம் திருப்புங்க

ஜனவரி 17, வெள்ளி

நேற்று மாலை நான்கரை மணிக்கு ஓசி செத்துப்போனான். காணும் பொங்கல் நாள். தெருமுனையில் உறியடி நடந்துகொண்டிருந்தது. மைக்கில் ஒருவன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். அந்தச் சத்தத்தில் இவன் கடைசி மூச்சு விட்டது எனக்குக்கூட உடனே தெரியவில்லை.

நாயைப் போய் அவன் இவன் என்று எழுதுகிறானே என்று ஆட்சேபம் உள்ளவர்கள் இந்த டைரியைப் படிக்க வேண்டாம். எப்படியும் யாரும் படிக்கப்போவதில்லை. ஓய்வு பெற்றவர்களுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் சும்மா கொடுத்த டைரி இது. முப்பத்தோரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவன் நான். பேசிப் பேசியே வாய் தேய்ந்தவன், டைரியெல்லாம் எழுதியதில்லை. இப்போது வீட்டில் பேச ஆளில்லை. நேற்று வரை ஒருவன் இருந்தான்.

பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் மதுரை டிரிப் முடிந்து வண்டியைக் கூட்டும்போது, கடைசி சீட்டுக்கடியில் ஒரு வயர் கூடை இருந்தது. திறந்தால் கண் திறக்காத குட்டி. யாரும் தேடி வரவில்லை. வீட்டுக்குத் தூக்கி வந்தேன். மகள் வான்மதி அப்போது ஒன்பதாம் வகுப்பு. "டிக்கெட் எடுக்காமயா வந்தான்? அப்ப ஓசின்னு பேர் வைப்போம்" என்றாள். பெயர் நின்றுவிட்டது. செவலை நிறம், ஒரு காது மடிந்து கிடக்கும், அவ்வளவுதான் அழகு.

சகாயம் வந்து குழி வெட்டினான். பதினோரு வருடம் என் வண்டிக்கு டிரைவராக இருந்தவன், இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. கொல்லையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஓசியை இறக்கினோம். மண்ணைத் தள்ளாமல் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டே நின்றான் சகாயம்.

"ரைட் சொல்லுடா" என்றான்.

பழக்கம் அப்படி. நான் ரைட் சொன்னால்தான் வண்டியை எடுப்பான். எனக்கு வாயில் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

ஜனவரி 18, சனி

காலையில் இரண்டு தட்டில் இட்லி வைத்துவிட்டேன்.

உத்தமபாளையத்திலிருந்து தெய்வானை அக்கா போன் செய்தாள். சகாயம் சொல்லியிருக்கிறான். துக்கம் விசாரிக்கவில்லை, எச்சரிக்கை செய்தாள்.

"ராசாங்கம், மதிகிட்ட மூச்சு விட்றாத. ஏழு மாசப் பிள்ளைத்தாச்சி. வயித்துப்பிள்ளைக்காரிகிட்ட எழவு சேதி சொல்லக் கூடாது. அதுவும் அவ அந்த நாய்மேல உசுரா இருந்தவ."

சரி என்றேன். அக்கா சொல்வதும் நியாயம்தான்.

ஜனவரி 19, ஞாயிறு

மதி ஓசூரில் இருக்கிறாள், மாப்பிள்ளைக்கு அங்கே கம்பெனி வேலை. ஞாயிறு காலை பத்து மணிக்கு வீடியோவில் கூப்பிடுவாள். கல்யாணமான இந்த இரண்டு வருடமாக ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. "நல்லா இருக்கீங்களாப்பா?" என்பாள். "நல்லா இருக்கேம்மா" என்பேன். "சாப்பிட்டீங்களா?" "ஆச்சு." அவ்வளவுதான் எங்கள் பேச்சு. அடுத்து, "கேமராவை ஓசி பக்கம் திருப்புங்க" என்பாள். அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் ஓடும். அவனிடம் எல்லாவற்றையும் சொல்வாள். டாக்டர் என்ன சொன்னார், மாமியார் என்ன சொன்னார், குழந்தை எந்தப் பக்கம் உதைக்கிறது. நான் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். என் மகள் மசக்கையாக இருக்கும் செய்தியே எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

இன்று வீடியோவை எடுக்காமல் வெறும் குரலில் பேசினேன். போன் கீழே விழுந்து கேமரா கெட்டுவிட்டது என்றேன். ஓசி எங்கே என்றாள். சகாயம் மாமா வீட்டுக்குப் போயிருக்கிறான் என்றேன்.

"சரிப்பா" என்றாள். மூன்று நிமிடத்தில் பேச்சு முடிந்தது.

ஜனவரி 22, புதன்

காலை நடையை விடக் கூடாது என்று கிளம்பினேன். வாய்க்கால் பாலம் வரைக்கும் போய் வருவதற்குள் நான்கு பேர் "எங்கண்ணே கூட்டாளியக் காணோம்?" என்று கேட்டார்கள். நான்கு பேருக்கும் நான்கு பதில் சொன்னேன். டீக்கடையில் கேட்காமலேயே பொறை பிஸ்கட் இரண்டைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. வாங்கி வந்து நானே தின்றேன். இத்தனை வருடம் அவன் இதை எப்படித் தின்றான் என்றுதான் தெரியவில்லை.

நாளையிலிருந்து மேற்குப் பக்கம் நடக்கலாம் என்றிருக்கிறேன். அங்கே யாருக்கும் எங்களைத் தெரியாது.

ஜனவரி 26, ஞாயிறு

ஓசியைக் குளிப்பாட்டிக் காய வைத்திருக்கிறேன் என்றேன்.

"பனியிலயாப்பா குளிப்பாட்டினீங்க?"

"வெந்நீர்லம்மா."

பொய்யெல்லாம் வாயில் சுலபமாக வருகிறது. ஸ்டாப் இல்லாத ஊரில் வண்டியை நிறுத்திவிட்டுச் செக்கிங் இன்ஸ்பெக்டரிடம் சமாளித்த வாய் அல்லவா.

மார்ச் இரண்டாம் தேதி ஓசூரில் வளைகாப்பு. மறுநாள் அவளைப் பிரசவத்துக்கு இங்கே அழைத்து வர வேண்டும். அக்காவுக்கு இதில் சம்மதமே இல்லை. "தாயில்லாத வீட்டுக்கு எப்படிடா பிரசவத்துக்கு வருவா? மாமியா வீட்லயே பாத்துக்கட்டும்" என்று மாப்பிள்ளை வீட்டாரிடமே சொல்லிவிட்டாள். மதிதான் பிடிவாதமாக வருகிறேன் என்றாள். போன மாதம் காரணமும் சொன்னாள், என்னிடம் அல்ல, அவனிடம். "உன்னைப் பாக்கத்தான்டா வர்றேன்."

வந்து பார்க்க அவன் இல்லை என்று தெரிந்தால்?

பிள்ளைத்தாய்ச்சியிடம் இழவுச் செய்தி சொல்லக் கூடாது என்பதற்காகத்தான் சொல்லாமல் இருக்கிறேன். வேறொன்றுமில்லை.

ஜனவரி 30, வியாழன்

மதி தங்கப்போகும் அறைக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தார். கதவுக்கும் சேர்த்து பெயின்ட். கதவின் அடிப்பாகம் முழுக்க ஓசி பிறாண்டிய கோடுகள். மதி உள்ளே படித்துக்கொண்டிருந்தால் அவனை வெளியே விட்டுப் பூட்டுவாள், இவன் பிறாண்டுவான்.

"பட்டி பார்த்துத் தேச்சு விட்டா புதுக் கதவு மாதிரி ஆயிரும் சார்" என்றார் பெயின்டர்.

"புதுக் கதவு வேண்டாம். மேல்பாதி மட்டும் அடிங்க."

மனிதர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மேலே பளபளவென்று நீலம், கீழே பழைய மரம். கால்சட்டை போடாத பையன் மாதிரி நிற்கிறது கதவு.

பிப்ரவரி 2, ஞாயிறு

"ஒரு தடவை குரைக்கச் சொல்லுங்கப்பா. அவன் சத்தத்தக் கேட்டு நாளாச்சு."

தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். டாக்டரிடம் காட்டினீர்களா என்றாள். காட்டினேன், மருந்து கொடுத்திருக்கிறார், தேனில் குழைத்துக் கொடுக்கிறேன் என்றேன். என்ன மருந்து என்றாள். வெள்ளையாக ஒரு மாத்திரை என்றேன்.

"அடுத்த வாரம் கேக்குறேன்" என்றாள். அது நாயைப் பற்றிச் சொன்ன மாதிரி இல்லை. பரீட்சைக்கு இன்னொரு வாரம் தவணை கொடுக்கும் வாத்தியார் மாதிரி இருந்தது.

பிப்ரவரி 5, புதன்

சகாயத்திடம் யோசனை கேட்டேன். யோசனைக்குப் பதில் ஏச்சுதான் கிடைத்தது.

"சொல்லிருடா. அந்தப் பிள்ளைக்கு நீ பண்றது இது ரெண்டாவது தடவை. தனம் விஷயத்துலயும் இப்படித்தான் பண்ணுன."

"அது வேற, இது வேற."

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். செத்துப்போன மனைவியைப் பற்றி இங்கே எழுதும் உத்தேசமில்லை.

பிப்ரவரி 8, சனி

யோசனை எனக்கே வந்துவிட்டது. அலமாரியிலிருந்த பழைய போனைச் சார்ஜில் போட்டேன். உயிர் வந்தது. ஐந்து வருடத்துக்கு முன்னால் மதி லீவில் வந்திருந்தபோது எடுத்த வீடியோ ஒன்று அதில் இருக்கிறது. பால்காரரைப் பார்த்து ஓசி குரைக்கிறான். ஒரு பத்து விநாடி போட்டுப் பார்த்தேன். கொல்லைப் பக்கத்து ஓடுகூட அதிர்ந்தது. அதற்கு மேல் பார்க்க என்னால் முடியவில்லை, நிறுத்திவிட்டேன்.

பத்து விநாடி போதும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பத்து மணிக்கு மதி கூப்பிட்டாள். "தொண்டை சரியாயிருச்சாப்பா?" என்றாள். "இந்தா கேளு" என்று பழைய போனை இந்தப் போன் பக்கத்தில் வைத்து அழுத்தினேன். ஓசி குரைத்தான். நன்றாகத்தான் குரைத்தான். பத்து விநாடியில் நிறுத்த வேண்டும் என்று விரலைத் தயாராக வைத்திருந்தேன். ஆனால் அவன் குரலைக் கேட்டதும் கண் நிறைந்துவிட்டது, எந்த இடத்தில் அழுத்துவது என்று தெரியவில்லை. தடவிக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து தனத்தின் குரல் வந்தது.

"டேய் ஓசி, சும்மா கெட. மதீ, அவனைப் பிடிடி, பாவம் அந்தாளு பயப்படுறாரு."

பின்னாலேயே அவள் சிரிப்பு. வீடியோ அதோடு முடிந்தது.

என் மனைவி போய் நான்கு வருடம் ஆகிறது. அவள் குரல் அந்தப் போனில் இருப்பது சத்தியமாக எனக்குத் தெரியாது.

"மதி" என்றேன். போன் வைக்கப்பட்டுவிட்டது.

பிப்ரவரி 10, திங்கள்

கூப்பிடவில்லை. மாப்பிள்ளைக்குப் போட்டேன். "நல்லாத்தான் இருக்கா மாமா. கொஞ்சம் தனியா இருக்கணும்னு சொன்னா" என்றார். தங்கமான பிள்ளை, மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

பிப்ரவரி 12, புதன்

கூப்பிடவில்லை. ரேஷனில் துவரம்பருப்பு வந்திருக்கிறது. வரிசையில் நின்று வாங்கினேன். இரண்டு மணி நேரம் போனதே என்று சந்தோஷமாக இருந்தது.

பிப்ரவரி 14, வெள்ளி

எழுதிவிடுகிறேன். யார் படிக்கப் போகிறார்கள்.

நான்கு வருடத்துக்கு முன்னால் தனத்துக்கு மஞ்சள் காமாலை முற்றிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். மதிக்குக் கோயம்புத்தூரில் எம்.எஸ்ஸி. கடைசிப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. "அவகிட்டச் சொல்லாதீங்க, பரீட்சை கெட்டுப்போயிரும்" என்று சொன்னது தனம்தான். நான் இல்லை. மதி ஹாஸ்டலிலிருந்து கூப்பிடும்போதெல்லாம் அம்மா தூங்குகிறாள், அம்மா குளிக்கிறாள் என்று சொன்னேன். கடைசிப் பரீட்சை எழுதி முடித்து, ஊருக்கு வருகிறேன் என்று அவள் கூப்பிட்டபோது, தனத்தை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம்.

வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. பெட்டிக்கடியில் இரண்டு வேளையாகச் சோறு தின்னாமல் படுத்திருந்த ஓசியை இழுத்துக் கட்டிக்கொண்டுதான் அழுதாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அம்மா எப்படிப் போனாள் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. சண்டை போட்டிருந்தாலாவது தேவலை.

சகாயம் சொன்னது சரி. இரண்டும் ஒன்றுதான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பத்து மணி ஆனது. போன் அடிக்கவில்லை. பத்தேகால். பத்தரை. துணி துவைத்தேன். பதினொன்றுக்கு நானே கூப்பிட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு நானாக அவளைக் கூப்பிட்டது இதுதான் முதல் முறை என்று அடித்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. வீடியோவில்தான் கூப்பிட்டேன்.

எடுத்தாள். முகம் வீங்கியிருந்தது, கர்ப்பத்தினாலா அழுகையினாலா தெரியவில்லை.

"மதி, ஓசி இல்லம்மா. பொங்கலுக்கு மூணாம் நாளு போயிட்டான்."

"தெரியும்."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நான் போன் பண்ணுனா உங்க குரலுக்கு முன்னாடி அவன் சத்தந்தான் வரும். அந்த மொத ஞாயித்துக்கிழமையே வரல."

"கேட்டிருக்கலாமேம்மா."

"நீங்களா சொல்வீங்களான்னு பாத்தேன். இந்தத் தடவையாவது சொல்லிருவீங்கன்னு நெனச்சேன். நாலு வாரம் பாத்தேம்ப்பா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"பயமா இருந்துச்சும்மா. அவன் இல்லைன்னா நீ இங்க வர மாட்டேன்னு நெனச்சுட்டேன்."

அவள் அதை மறுக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள். நான் சொன்னேன்.

"என்ன ஆச்சு அவனுக்கு?"

"கிட்னி போயிருச்சுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. வயசும் ஆயிருச்சுல்ல."

"கடைசியா என்ன சாப்பிட்டான்?"

"சக்கரைப் பொங்கல் ஒரு வாய் நக்குனான். அப்புறம் தண்ணி மட்டும் பஞ்சுல நனைச்சு விட்டேன்."

"எங்க படுத்திருந்தான்?"

"உன் ரூம் வாசல்ல. தலைய என் மடியில வச்சிருந்தேன்."

"என்னையத் தேடுனானா?"

தேடினான் என்று சொல்ல வாய் திறந்தேன். அவளும் அதைத்தான் கேட்க விரும்பியிருப்பாள். ஆனால் இனிமேல் முடியாது என்று தோன்றியது.

"தெரியலம்மா. தெருவாசலையே பாத்துட்டு இருந்தான். உன்னையத் தேடுனானா, தெருவுல போட்ட சத்தத்துக்குப் பாத்தானான்னு எனக்குத் தெரியல."

அழுதாள். நானும் அழுதேன். எதிரெதிரே உட்கார்ந்து அழுவது மாதிரிதான் இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள்:

"அம்மா?"

"என்னம்மா?"

"அம்மா என்னையத் தேடுனாங்களா?"

நான்கு வருடமாக இந்தக் கேள்விக்குப் பயம், அதனால்தான் அவள் கேமராவைத் திருப்பச் சொன்னதும் சட்டென்று திருப்பிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை எழுதியதிலும் இதை எழுதவில்லை.

"தேடுனா. கடைசி நாள் காலையில உன்னையப் பாக்கணும்னு சொன்னா. பரீட்சை கெட்டாலும் பரவால்ல, கூப்பிடுங்கன்னா. நான்தான் கூப்பிடல. இன்னும் ஒரு பரீட்சைதான, ரெண்டு நாள் தாங்கிருவான்னு நெனச்சேன். சாயங்காலம் திரும்பக் கேட்டா. கெளம்பிட்டா, தேனி வந்துட்டா, இந்தா வந்துருவான்னு சொன்னேன். பொய்தான். அதைக் கேட்டுட்டு, 'பிள்ளைக்கு வெஞ்சனம் ஏதாச்சும் இருக்கா?'ன்னா. தொட்டுக்கக் கத்திரிக்கா இருக்குன்னேன். சரின்னா. அதுக்கப்புறம் பேசல."

மதி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். திருப்ப வேறு பக்கம் இல்லை.

வெகுநேரம் கழித்து, "நான் வந்துட்டு இருக்கேன்னு நெனச்சுட்டுத்தான் போனாங்களா?" என்றாள்.

"ஆமாம்மா."

"அந்தப் பொய்ய மட்டும் நான் மன்னிக்கிறேன். மத்ததுக்கு நாளாகும்ப்பா."

"ஆகட்டும்மா."

மேலும் மேலும் கேட்டாள். அம்மா என்ன புடவை கட்டியிருந்தார்கள், யார் பக்கத்தில் இருந்தார்கள், வலித்ததா. போனில் சார்ஜ் தீரும் வரைக்கும் சொன்னேன். வைப்பதற்கு முன், "வளைகாப்புக்குத் தெய்வானை அத்தையை மட்டும் அனுப்பிட்டு இருந்துராதீங்க. நீங்க வந்து கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

பிப்ரவரி 17, திங்கள்

வாய்க்கால் பாலம் வரைக்கும் நடந்தேன். கேட்டவர்களிடமெல்லாம் "செத்துப்போனான்" என்றேன். டீக்கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். இவருக்கு அவனை இவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது.

மார்ச் 3, திங்கள்

மதியை அழைத்து வந்துவிட்டேன். கை நிறைய வளையல். நேராகக் கொல்லைக்குப் போனாள், குனிய முடியாததால் நின்றபடியே அந்த மண்ணை வெகுநேரம் பார்த்தாள். பிறகு தன் அறைக்கதவைப் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, பாதிக் கதவுக்கு மட்டும் பெயின்ட்?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் கோடுகளைக் கவனித்துவிட்டாள். வளையல் சத்தத்தோடு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சாப்பிடும்போது ஒரு நிபந்தனை போட்டாள். "எனக்கு என்ன ஆனாலும் உங்ககிட்டதான் மொதல்ல சொல்வேன். உங்களுக்கு என்ன ஆனாலும் எங்கிட்ட மொதல்ல சொல்லணும். தலைவலியா இருந்தாலும்." ஒப்புக்கொண்டேன். இடது முழங்கால் ஆறு மாதமாக வலிக்கிறது என்று அப்போதே சொன்னேன். அதற்கு ஒரு மணி நேரம் திட்டு வாங்கினேன்.

மார்ச் 21, வெள்ளி

காலை ஆறே கால். காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். மதி எழுந்து வந்து சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, வலிக்குது. நேரம் பாத்துட்டேன், விட்டு விட்டு வருது. அவருக்குக்கூட இன்னும் சொல்லல."

சகாயம் கார் எடுத்து வந்துவிட்டான். அக்காவும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுகிறேன் என்றாள். பை வண்டியில் ஏறிவிட்டது, மதியும் பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். கதவைப் பூட்ட உள்ளே வந்தவன் இந்த நான்கு வரியை எழுதிக்கொண்டிருக்கிறேன். வெளியே என்ஜின் ஓடுகிறது. சகாயம் கத்துகிறான், "ரைட் சொல்லுடா ராசாங்கம்!"

சொல்லப் போகிறேன்.